கத்தரீனம்மாளின் பல்சக்கரம்

ஆரோக்கியசாமி மேஸ்திரி ஒரு பதக்கத்தைக் கையில் எடுத்தால் முதலில் மூக்கைத் தொடுவார். வலது கைக் கட்டைவிரலை, மூக்கு கன்னத்தோடு சேரும் அந்தச் சின்னப் பள்ளத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு. பிறகு அந்த விரலால், கைக்குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைப்பதுபோலப் பதக்கத்தை வட்டமாகத் தடவுவார். நெற்றி, தோள், முழங்கால் என்று உருவத்தில் மேடு வருகிற இடங்களில் விரல் கொஞ்சம் தயங்கிப் போகும். தடவி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பதக்கத்தை நேராகப் பிடிக்காமல், தோசைக்கல்லில் எண்ணெயை ஓடவிடுகிறவர் மாதிரி இப்படிச் சாய்ப்பார், அப்படிச் சாய்ப்பார். வெளிச்சம் வெண்கலத்தின் மேல் ஓடி அடங்கும். அவருடைய உதடு லேசாகப் பிரியும். அதற்குப் பிறகுதான் அவரோடு பேச முடியும்.

துணியால் துடைத்து நான் பார்த்ததில்லை.

"துணி இருக்கற எண்ணெயையும் உறிஞ்சிடும் தம்பி. மூக்கு எண்ணெய்தான் இதுக்கு ஆகாரம்" என்பார்.

அவருடைய மனைவி சம்பூர்ணம் அம்மாள் காதில் இது விழுந்தால் விடமாட்டார். "ஊர்ல எல்லாரும் செக்குல எண்ணெய் ஆட்டுவாங்க. இவரு மூக்குல ஆட்டறாரு. மாடு கூட வேணாம், கம்மி செலவு."

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பில் டைப் அடிக்கிற வேலைக்கு நான் சேர்ந்தபோது ஆரோக்கியசாமி அங்கே பேக்கிங் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வது. கடை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உள்ளே ஒரு பக்கம் சுண்ணாம்புக் குழிகள், ஒரு பக்கம் ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டிகள், நடுவே காயப்போட்ட ஆட்டுத்தோல்கள். எல்லாம் முடிந்து அடுக்கிக் கட்டி சீமைக்கு அனுப்புகிற அறை ஆரோக்கியசாமியுடையது. என் மேஜை அதை ஒட்டித்தான் இருந்தது. எனக்குப் பேச வராது, பார்க்க வரும். அவர் பக்கத்தில் உட்காருவதற்கு அது போதுமான தகுதியாக இருந்தது.

ஒருநாள் என் இழுப்பறையில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். அதில் நான் கோடு போட்டு வைத்திருந்த வசன கவிதை ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னா தம்பி, பாட்டுன்னு போட்டிருக்கான், எதுகை மோனை ஒண்ணுத்தையும் காணோமே?"

"இப்ப இப்படியும் எழுதறாங்க மேஸ்திரி."

அவர் யோசித்தார். "சரி, எழுதட்டும். நம்ம பதக்கத்துப் பொம்மைங்களுக்கும்தான் துணி கம்மி" என்று சொல்லி, மடித்த இடம் மாறாமல் திருப்பி வைத்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் பதக்கங்களைப் பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

அவருக்கு அந்தப் பதக்கப் பித்துப் பிடித்த கதையைப் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் ஒத்துப்போகாது. ஒத்துப்போகிற மட்டும் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, பெல்ஜியம் தேசத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு எங்கள் ஷாப்பிலிருந்து ஆட்டுத்தோல் போயிற்று. பரிசாக ஒரு வெண்கலப் பதக்கம் வந்தது. உள்ளங்கை அகலம். பழுப்பு நிறம். நிசார் அஹமது சாயபு அப்போது சின்ன வயசு. தகப்பனார் பொறுப்பை ஒப்படைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆசையாகப் பெட்டியைத் திறந்தவர், உடனே மூடினார். உள்ளே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நல்ல உயரம், நல்ல லட்சணம், ஆனால் சேலை முழங்காலோடு நின்றுவிட்டது. மேலே அதுவும் இல்லை.

"தௌபா, தௌபா! இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அம்மா என்னை வெளியே நிறுத்திடுவாங்க. அரே ஆரோக்யம், உங்க கோயில்லதான் பொம்மை எல்லாம் இருக்குதே, நீ வச்சுக்கோ."

ஆரோக்கியசாமி வாங்கிப் பார்த்தார். பெண்ணின் பக்கத்தில் ஒரு சக்கரம் சாய்ந்திருந்தது. சக்கரத்தின் விளிம்பெல்லாம் முள்ளு முள்ளாக இருந்தது. வேதக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் யாரும் சொல்லத் தேவையில்லை. முள் சக்கரத்தில் வைத்து வதைக்கப் பார்த்தார்களே, கோயிலில் கும்பிடுகிற அந்தப் புனிதவதி, அர்ச்சிஷ்ட கத்தரீனம்மாள். துணி இல்லாததற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார்: வதைக்கும்போது கிழிந்திருக்கும்.

வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கத்தரீனம்மாளுக்கு இடம் கிடைத்தது. சம்பூர்ணம் அம்மாள் கழுத்துவரைக்கும் ஒரு துண்டு ஜரிகைத் துணியைச் சுற்றிவிட்டார். சனிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி. தோல் காயப்போட்டிருக்கிற நாளில் மேகம் கூடினால் தனியாக ஒன்று. "கேட்டா குடுப்பா அந்த அம்மா. வானத்தைக் கையால தள்ளி விட்ட மாதிரி வெயில் வரும்" என்று இப்போதும் சொல்வார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஈஸ்டருக்கு, வீடுகளை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். பிரெஞ்சுக்காரர், தமிழ் நம்மைப்போலவே பேசுவார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். ஜரிகைத் துணியைக் கொஞ்சம் விலக்கிப் படித்தார். அப்புறம் தீர்த்தச் செம்பை யார் கையிலோ கொடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆரோக்கியசாமி, இது யார்னு நினைச்சே?"

"கத்தரீனம்மா, சாமி. சக்கரம் இருக்குதே."

"இருக்குது. ஆனா அது முள் இல்லடா, பல். மெஷின் சக்கரம். இந்த அம்மா பேரு கீழேயே போட்டிருக்கு. 'தொழில்.' பாக்டரி, வியாபாரம், அந்தத் தொழில்."

சம்பூர்ணம் அம்மாள் அசரவில்லை. "அதான பார்த்தேன். இத்தினி வருசம் மெழுகுவத்தி ஏத்தனதுக்கு ஷாப்புல தொழில் நல்லா நடந்துச்சு. சாயபு மாடி வீடு கட்டனாரு. நமக்கு ஒண்ணுமே வரலியேன்னு யோசிச்சிட்டிருந்தேன், இப்பதான் தெரியுது."

சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணின் பாதத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல இருந்த எழுத்துகளைக் காட்டினார். அது இந்த உருவத்தைச் செய்த சிற்பியின் பெயர், தெபாக்கர், பெல்ஜியம் தேசத்தில் பெரிய கை என்றார். ஆரோக்கியசாமியைப் பிடித்துக்கொண்டது அந்த எழுத்துதான். இவ்வளவு பெரிய அழகைச் செய்துவிட்டுத் தன் பெயரை இவ்வளவு சின்னதாகப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறானே, யார் இந்த மனுஷன்? என்னிடம் சொல்லும்போதும் அவர் குரல் அந்த இடத்தில் தாழ்ந்தது.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தார். தேடினால் ஏராளமாக இருந்தது. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் எல்லா ஷாப்புக்காரர்களுக்கும் சீமையிலிருந்து கண்காட்சிப் பதக்கமோ, தோல் வாங்கும் கம்பெனிகள் வெள்ளிவிழா பொன்விழா என்று அனுப்பிய பதக்கமோ வந்திருந்தது. அது காசும் இல்லை, நகையும் இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பாதிக்குமேல் வீட்டில் வைக்க முடியாத பெண்கள். ஒரு வீட்டில் நெய்ச்சட்டிக்கு மூடியாக இருந்தது. ஒரு இடத்தில் கட்டில்கால் ஆடாமல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆரோக்கியசாமி பதிலுக்கு ஏதாவது கொடுத்து வாங்கி வருவார்: முகம் பார்க்கும் கண்ணாடி, குடியாத்தம் லுங்கி, ஒருமுறை ஒரு சேவல். "இதைக் குடுத்துட்டு சேவலை வாங்கிக்கிட்டானா, அவனும் ஒரு மனுஷனா!" என்று, லாபம் அடைந்தவரே கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் பார்த்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் அவரே தைத்த மெல்லிய ஆட்டுத்தோல் உறைக்குள். சிற்பிகளைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

"இது மொர்வான், பாரிஸ்காரரு. முடியை அலை அலையா விடுவாரு, அழகுதான். ஆனா கை விரலைப் பார், சோம்பேறித்தனம். எல்லா விரலும் ஒரே அளவு. நம்ம தெபாக்கரு அப்படி இல்ல. நகம் வரைக்கும் வருவாரு."

"நம்ம" தெபாக்கர். அவருடைய முகத்தை ஒரு படத்தில்கூட இவர் பார்த்ததில்லை.

அத்தனை பதக்கங்களிலும் ராஜாக்கள் இருந்தார்கள், தேவதைகள் இருந்தார்கள், ரயில் எஞ்சின்கூட இருந்தது. வேலை செய்கிற ஆள் ஒருவன்கூட இல்லை. நான் அதைக் கவனித்துச் சொன்னபோது அவர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா சூசை, சதை வழிக்கிற வேலை. சாய்ச்சு நட்ட உருண்டை மரத்து மேல ஈரத்தோலைப் போட்டு, ரெண்டு கைப்பிடி வச்ச கத்தியால வழிக்கறது. பொழுதுக்கும் குனிஞ்ச தலைதான். நான் சின்னப் பிள்ளைல செத்துட்டாரு. மூஞ்சி ஞாபகம் இல்ல தம்பி. முதுகு ஞாபகம் இருக்குது."

சொல்லிவிட்டு, பிரியாணி வாங்கப் போகலாமா என்று கேட்டார்.

அதே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பட்டணத்திலிருந்து தோல் பார்த்து வாங்க வருஷா வருஷம் மார்கழி, தை மாதங்களில் மெர்ட்டன்ஸ் துரை வருவார். வெள்ளை மீசை, பெரிய தொப்பி, நிதானமான ஆள். பேக்கிங் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தோலாக மடியில் போட்டு, கண்ணை மூடி விரலால் தடவுவார். பிறகு அறையில் யார் இருந்தாலும் தோலைத் தூக்கிக் காட்டி ஒரு கேள்வி கேட்பார்.

"இதை உங்கள் ஊரில் என்ன நிறம் என்பீர்கள்?"

அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் சொல்வேன். ஷாப்பே நடுங்கும். இது பரீட்சை, சரக்கைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கிறார் என்பது நிசார் அஹமது சாயபுவின் தீர்மானம். "யோசிச்சு சொல்லுங்கடா, வாய்க்கு வந்ததை உளறாதீங்க" என்று துரை வருவதற்கு முந்தின நாளே எச்சரிப்பார். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற பூங்காவனம் மட்டும் பயப்படமாட்டான். "பழைய வெல்லம்" என்பான், "அடி பிடிச்ச பாயசம்" என்பான். துரை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ரசிப்பார்.

ஒரு வருஷம் வந்திருந்தபோது ஆரோக்கியசாமி துணிந்து கத்தரீனம்மாளைக் கொண்டுவந்து காட்டினார். சாமியார் சொன்ன பிறகும் அந்த வீட்டில் அவள் பெயர் கத்தரீனம்மாள்தான். துரை பதக்கத்தை வாங்கியதும் தன் மூக்கோரத்தைக் கட்டைவிரலால் தொட்டு, அதை அவள் தோளில் தடவினார். நானும் ஆரோக்கியசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேஸ்திரிக்குப் புல்லரித்துவிட்டது. "பார்த்தியா, பார்த்தியா" என்று என் விலாவில் இடித்தார்.

தெபாக்கர் செய்த இன்னொரு பதக்கம் தன்னிடம் இருக்கிறது என்றார் துரை. தோல் வியாபாரிகள் சங்கத்துக்காகச் செய்தது. சங்கத்து ஆட்களுக்கு மட்டும் வார்த்துக் கொடுத்தது. அதில் தேவதை இல்லை. மரத்தின் மேல் குனிந்து சதை வழிக்கிற ஒரு தொழிலாளி. முகம் தெரியாது. முதுகு மட்டும்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். ஆரோக்கியசாமி கத்தரீனம்மாளைத் திரும்ப வாங்கி ஜரிகைத் துணியில் சுற்றினார். பிறகு, "அதைக் கண்ணால பார்க்க முடியுமான்னு கேளு தம்பி" என்றார்.

துரை யோசித்துச் சொன்னார்: "என் வீட்டில் அது இழுப்பறையில்தான் கிடக்கிறது. அடுத்த முறை கொண்டுவருகிறேன். ஆனால் முதலில் உன்னுடையவற்றை எல்லாம் நான் பார்க்க வேண்டும். முன்பு ஒருவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தேன். தங்கமாக மினுங்கும்படி தேய்த்துக் குதிரை நெற்றியில் கட்டிவிட்டார். வெண்கலத்துக்கு அந்தப் பழுப்புதான் தோல். தோலை உரிக்கிறவன் கையில் நான் இன்னொன்று கொடுக்கமாட்டேன். நன்றாக வைத்திருந்தால் இது உனக்கு. இல்லையென்றால் என்னோடு திரும்பிவிடும்."

ஒரு வருஷம் முழுக்க ஆரோக்கியசாமி அந்த முதுகை நினைத்துக்கொண்டு நடமாடினார். தோலை மூட்டை கட்டும்போது திடீரென்று நின்று, "வேர்வை போட்டிருப்பாரா தம்பி? வெண்கலத்துல வேர்வை போட முடியுமா?" என்பார். எனக்கு என்ன தெரியும். "தெபாக்கர் போடுவார்" என்பேன். அவருக்கு அது திருப்தியாக இருக்கும்.

துரை வந்து சேர்ந்தது பொங்கல் கழிந்து. திங்கட்கிழமை காலை மேஸ்திரி வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து நானும் அவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் ஏதோ பளபளவென்று வரிசையாக வைத்திருந்தது. சாயங்கால வெயில் அதில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

பதக்கங்கள். எல்லாம். புதுக் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக.

சம்பூர்ணம் அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கடைசிப் பதக்கத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புளி, செங்கல் பொடி, தேங்காய் நார்.

"வந்துட்டீங்களா? பாருங்க! மத்தியானம் பிடிச்சு தேய்க்கறேன், இடுப்பு ஒடிஞ்சிடுச்சு. எத்தினி வருசத்து அழுக்கு! துரை வர்ற நேரத்துல இப்படியா வச்சிருப்பாங்க, நம்மள இன்னா நினைப்பாரு?"

ஆரோக்கியசாமி போய்க் கத்தரீனம்மாளைக் கையில் எடுத்தார். மூக்கைத் தொடவில்லை. அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சி அப்படிப் போவுது?"

நான்தான் சொன்னேன். குதிரை, தோல், துரை வைத்த நிபந்தனை, எல்லாம். சம்பூர்ணம் அம்மாளின் கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. கணவர் பக்கம் திரும்பினார். பிறகு கோபம் வந்தது. அவருக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வரும்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல? வருசக்கணக்கா மூக்கைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பித்தளையும் வெண்கலமும் பளபளன்னு இருக்கணும்னுதான எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க? அழுக்கைத்தான் சாமியா கும்பிடறாங்கன்னு எவ கண்டா?"

"உன்னை யாரு இப்ப திட்டினாங்க?"

"திட்டிட்டாவது போங்களேன்! சும்மா உக்காந்தா எனக்குப் பேஜாரா இருக்குது."

அவர் திட்டவில்லை. "போவுது வுடு. எங்கப்பா முதுகை எனக்குத்தான் தெரியுமே" என்றார். சம்பூர்ணம் அம்மாள் கீழே கிடந்த நாரை எடுத்து வைத்தார். உள்ளே போனார். கணவர் ஷாப்புக்குச் சோறு எடுத்துப் போகிற தூக்குப் பாத்திரத்தைக் கழுவ வெளியே கொண்டுவந்தார். பித்தளைத் தூக்கு. உட்கார்ந்து தேய்க்கப் போனவர் கை நின்றது.

"ஏங்க, இந்தத் தூக்கு காலையில பளிச்சுனு போவுது. சாயங்காலம் கருவாடு மாதிரி வருது. தினம் இதோட மல்லு கட்டறேனே, இது எப்படி கறுக்குது?"

"பூங்காவனத்தோட உக்காந்து சாப்பிடறேன். குழி பக்கம். அங்க மருந்து நெடி..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்போடு ஒரு மருந்தைக் கலப்பார்கள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நெடி பட்டால் தாயத்து கறுக்கும், கதவுத் தாழ்ப்பாள் கறுக்கும்.

"அப்ப அந்தக் கருமத்தையே இதுக்கும் காட்டுங்க" என்றார் சம்பூர்ணம் அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரும் ஷாப்புக்குப் போனோம். காவலுக்கு இருந்த பூங்காவனம் கூடையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, பொம்மைக்கெல்லாம் மயிர் எடுக்கணுமா?"

"வாயை மூடிக்கிட்டு ஒரு கழி எடுத்தாடா."

கூடையைக் கழியில் மாட்டிக் குழிக்கு மேல் தொங்கவிட்டோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மஞ்சள் மங்கியது, தேன் நிறமானது, சம்பூர்ணம் அம்மாள் "வருது, வருது!" என்று பிரசவம் பார்க்கிறவர்போலக் கத்தினார். நெடி கண்ணைக் கரித்தது. கூடையை இழுத்துக் கழுவிப் பார்த்தோம்.

சில பதக்கங்கள் பழுப்பாகத்தான் வந்திருந்தன. பல வேறு எப்படியோ வந்திருந்தன. குட்டைத் தண்ணீரில் எண்ணெய் சிந்தினால் மிதக்குமே நிறங்கள், அந்த மாதிரி. கத்தரீனம்மாளுக்கு முகம், மார்பு எல்லாம் பச்சை. சக்கரம் செக்கச் செவேல்.

"கிளி மாதிரி இருக்கறாங்க அம்மா" என்றான் பூங்காவனம்.

"மூக்கு எண்ணெய் போட்டா அடங்கும்" என்று ஆரோக்கியசாமி நம்பிக்கையில்லாமல் சொன்னார். ஒரு மூக்கு எத்தனைக்குத்தான் காணும்? நாலு பேரும் குழியோரம் உட்கார்ந்து மூக்கைத் தேய்ப்பதும் பதக்கத்தைத் தேய்ப்பதுமாக இருந்தோம். அந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்திருந்தால் எங்கள் ஷாப்பில் புது வியாதி ஏதோ பரவிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். பச்சை பளபளப்பானது. சிவப்பும் பளபளப்பானது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை துரை வந்தார். கூடவே நிசார் அஹமது சாயபு. துரையின் கோட்டுப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்ததை ஆரோக்கியசாமி பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். பதக்கங்கள் ஜன்னலோரப் பலகையில் இருந்தன.

"தம்பி, முதல்ல உண்மையைச் சொல்லிடு. அப்புறம் அவரு பார்க்கட்டும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பூர்ணம் அம்மாள் முன்னால் வந்துவிட்டார். "நான்தான் தேச்சேன் துரை. புளி போட்டு. இவரு மேல தப்பு இல்ல." தேய்த்தது எப்படி என்று கையால் காற்றில் தேய்த்தும் காட்டினார். நான் புளி, செங்கல் பொடி, சுண்ணாம்புக் குழி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்ததோ.

துரை கத்தரீனம்மாளை எடுத்தார். மூக்கைத் தொட்டார். கண்ணை மூடித் தடவினார். ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். பச்சை முகம் வெயிலில் பளீரென்றது. சாயபு அதைப் பார்த்துவிட்டு இருமினார்.

"இதை உங்கள் ஊரில் என்ன நிறம் என்பீர்கள்?" என்று சம்பூர்ணம் அம்மாளைக் கேட்டார் துரை.

"கிளி" என்றார் அவர் கம்மிய குரலில். "உடம்பு பச்சை, மூக்கு சிவப்பு. கிளி."

நான் சொன்னேன். துரை உரக்கச் சிரித்தார். மீசை குலுங்கியது. "உங்கள் ஊர்க் கிளிகள் பழுப்பு நிறமோ? எல்லோரும் சேர்ந்து ஒரு கிழவனைக் கேலி செய்கிறீர்கள். போன வருஷம் பார்த்த அதே பெண், அதே பழுப்பு. புளியாவது சுண்ணாம்பாவது!"

"ஆமா, ஆமா, அதே பழுப்பு. பக்கா பழுப்பு" என்றார் நிசார் அஹமது சாயபு. வாங்க வந்தவர் சொன்ன நிறத்தை அவர் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஆரோக்கியசாமி விடவில்லை. "நெசம் துரை, சத்தியமா தேச்சிட்டோம்" என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். துரை இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மூடிவிட்டார்.

காகிதத்தைப் பிரித்தபோது நாங்கள் எல்லோரும் குனிந்தோம். குனிந்த முதுகு ஒன்று. தோள்பட்டை இரண்டும் இறங்கி, முதுகெலும்பு கயிறு முறுக்கினது மாதிரி நடுவே ஓடியது. தலை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இடுப்புக்கு மேலே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், இரண்டு மூன்று துளி வேர்வை.

ஆரோக்கியசாமி மூக்கைத் தொட்டார். பதக்கத்துக்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றது.

"எண்ணெய் வேணாங்க" என்றார் சம்பூர்ணம் அம்மாள், அவர் தோள் வழியாகப் பார்த்தபடி. "மாமா ஏற்கெனவே வேர்வையில இருக்காரு."

அந்தப் பதக்கம் மட்டும் தகரப் பெட்டிக்குள் போகவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில், கிளிப்பச்சைக் கத்தரீனம்மாளோடு இருக்கிறது. சாம்பிராணி போடுகிறார்கள். புளிச்சட்டி அந்தப் பக்கம் போவதில்லை. துரை ஏன் அப்படிச் சொன்னார் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம். பெரிய மனுஷன், மேஸ்திரி மனசு நோகக்கூடாது என்று தெரிந்தே சொன்னார் என்பது நிசார் அஹமது சாயபுவின் முடிவு. ஐரோப்பாவில் இப்போது இப்படி வண்ணம் வருவதுதான் மோஸ்தராக இருக்கும் என்று ஆரோக்கியசாமி நினைத்தார். பழுப்பாகவே வந்துவிட்ட மீதிப் பதக்கங்களையும் இன்னொருமுறை குழிக்கு மேல் காட்டலாமா என்றுகூட யோசித்தார். சம்பூர்ணம் அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. கத்தரீனம்மாள் அந்த நேரத்துக்குத் துரையின் கண்ணைக் கட்டிவிட்டாள். அதற்கு நன்றியாக ஒரு பெரிய மெழுகுவர்த்தி, கோயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று.

இரண்டு வருஷம் கழித்து மெர்ட்டன்ஸ் துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பதிலாக அதே கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோல்களைப் பார்த்துத் தானே தரம் பிரித்துக்கொண்டே போனான். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பூங்காவனத்துக்கு அது பெரிய ஏமாற்றம். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, பழைய துரை எங்களுக்கு வைத்த நிறப் பரீட்சையை நான் அந்த இளைஞனிடம் சொன்னேன். அவன் நடுரோட்டில் நின்று சிரித்தான். பரீட்சையெல்லாம் இல்லை என்றான். மெர்ட்டன்ஸுக்குப் பிறவியிலிருந்தே சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே நிறம்தானாம். தோல் வியாபாரத்தில் இதை வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று, ஆயுசு முழுக்க அடுத்தவரைக் கேட்டே ஓட்டிவிட்டாராம்.